வேலிக்கு அந்தப் பக்கம்

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் என்று ஒவ்வொன்றாகத் தடைப்பட்டன. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி, சின்னத் திரியில் விளக்கு எரித்தோம். அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் பிள்ளைகள் சோதனை எழுதினார்கள்.

வானொலி கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற வேண்டும். டைனமோ தரும் மின்சாரத்தில் பி.பி.சி. தமிழோசை பேசும். சுற்றுபவர் களைத்தால் செய்தி தேய்ந்துவிடும், அதனால் ஒழுங்கைப் பெடியள் முறை வைத்துச் சுற்றினார்கள். எல்லை வேலிச் சண்டையில் வருடக்கணக்காக முகம் பாராதிருந்த இரண்டு குடும்பங்கள் எங்கள் முற்றத்தில் அருகருகே குந்தியிருந்து செய்தி கேட்டன. பொம்மர் இரைந்தால் அதே ஆட்கள் பனங்குற்றி அடுக்கிய பங்கருக்குள் நெருக்கியடித்து இறங்குவார்கள். எந்தப் பிள்ளை யாருடைய மடியில் என்று அந்த இருட்டில் எவரும் பார்க்கவில்லை.

அந்த நெருக்கத்தைப் பலர் ஏக்கத்தோடு சொல்கிறார்கள். எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. ஆனால் அதே வருடம் ஒக்ரோபர் 30ஆம் திகதி, சோனகதெரு முஸ்லிம் மக்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பரம்பரை பரம்பரையாக எங்களுக்குச் சட்டை தைத்தவர்கள், இரும்புக் கடை வைத்திருந்தவர்கள், பெருநாளுக்கு வட்டிலப்பம் கொடுத்து விட்டவர்கள் கைப்பையோடு போனார்கள். ஊர் பேசாமல் நின்றது. பயம்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டோம். பயம் இருந்தது உண்மைதான். பயம் மட்டும்தான் இருந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஐந்து வருடம் கழித்து, 1995இல், அதே ஒக்ரோபர் 30. மறுபடியும் ஒலிபெருக்கி. வலிகாமச் சனம் மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தது. நாவற்குழிப் பாலத்தடியில் நகர வழியில்லாமல் நின்றபோது சித்தி சொன்னா: “சோனகதெருச் சனம் போகேக்கையும் இப்பிடித்தானே இருந்திருக்கும்?”

“அவையளுக்கு ஒரு மிடறு தண்ணி குடுக்கக்கூட நாங்கள் வெளிக்கிடேல்லை” என்றார் மாமா.

போர் முடிந்து சோனகதெருச் சனத்தில் சிலர் திரும்பி வந்தார்கள். பலரின் பிள்ளைகளுக்கு, அகதிகளாகப் போய்த் தங்கிய புத்தளமே ஊராகிவிட்டது. பங்கர்க் கதை பேச நாங்கள் கூடும் இடங்களுக்கு அவர்களையும் அழைத்து, அவர்களை முதலில் பேச விட வேண்டும் என்பது என் ஆசை.