தூணின் மறைவில் நின்றவன்

நூலொன்றை ஆக்குதல் அரிதுதான். ஆனால் அதனைப் பிறர் நோக்கும்போது அருகில் நிற்றல் அதனினும் அரிது. இதனை உணர்ந்தே நம் முன்னோர் அரங்கேற்றம் என்பதொன்றை வகுத்தனர் போலும். தொல்காப்பியம் நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையத்தில், அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறிற்று என அதன் சிறப்புப்பாயிரம் கூறும். அன்று ஆசிரியர் நெஞ்சம் எவ்வாறு துடித்திருக்கும் என்பதை வகுப்பில் நான் எண்ணியதில்லை. சென்ற ஆண்டுதான் அதனை அறிந்தேன். அதுவும் இலக்கணம் செய்தன்று, வேடிக்கைப் படம் வரைந்து!

நான் கூடுவாஞ்சேரியிலிருந்து நாடோறும் மின்சார ரயிலில் தாம்பரம் வருபவன். ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர் என ஒவ்வொரு நிலையத்திலும் கூட்டம் ஏறுமேயன்றி இறங்காது. இவ்வனுபவத்தை முதலாகக் கொண்டு, இருக்கை தேடியே வாழ்நாளைக் கழிக்கும் ஒருவரைக் கதாநாயகராக்கி, 'இடந்தேடியார் யாத்திரை' என்னும் சித்திரத் தொடரை எங்கள் சுவர்ப் பத்திரிகையில் தொடங்கினேன். என் பெயரை இடவில்லை. அது வாசகசாலைப் பலகையில் ஏறிய நாள்முதல் எனக்குப் படிப்பு ஓடவில்லை. எதிரேயுள்ள தூணின் மறைவில் தடித்த நிகண்டொன்றை விரித்துக்கொண்டு, வருவோர் முகங்களையே வாசித்தேன்.

முதல் நாள் மூவர் பார்த்தனர், ஒருவர் சிரித்தார். அச்சிரிப்பின் மகிழ்ச்சியில் அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுவாரம் நண்பர் ஒருவர், வரைந்தவன் நானென்று அறியாமல், "சிறுபிள்ளை விளையாட்டு" என்று என்னிடமே சொல்லி அகன்றார். மற்றொருவர், "அருமை" என்றார். எது அருமை என்று வினவினேன். "எல்லாந்தான்" என்றார். அவ்விகழ்ச்சியைவிட இப்புகழ்ச்சியே என்னை மிகவும் வருத்திற்று. பலகையைத் துடைக்க வந்த முதிய பணியாளர் ஒருவர் மட்டும் நெடுநேரம் நின்று நோக்கினார். பின் என் பக்கம் திரும்பி, "ஆள் விழுந்தது படத்திலேயே தெரிகிறதே; கீழே 'விழுந்தார்' என்று மறுபடியும் எதற்குத் தம்பி?" என்று கேட்டார். விடை கூற எனக்கு நா எழவில்லை. வீடு சேர்ந்ததும் மூன்றாம் பகுதியைக் கிழித்தெறிந்து, மையையும் தூரிகையையும் பெட்டியிலிட்டுப் பூட்டினேன். "ஆண்டவர் தந்த தாலந்தை மண்ணிலா புதைக்கிறாய்?" என்றார் தாயார். அது என் காதில் ஏறவில்லை.

நிற்க. அந்நாட்களில்தான் ரொடால்ஃப் டோப்ஃபர் (1799–1846) என்பவரின் வரலாறு என் கைக்கு எட்டிற்று. சித்திரக்கதையின் தந்தை என்று பலரும் போற்றும் இவர், கண்நோயால் ஓவியனாகும் ஆசையைக் கைவிட்டு, ஜெனீவா நகரில் பள்ளி நடத்தியவர். மாணாக்கர் சிரிக்கும்பொருட்டு 1827-இல் ஒரு படக்கதை வரைந்தார். ஆயினும் அச்சிடத் துணியவில்லை. அவருடைய படச்சுவடிகள் சில, நண்பர் வாயிலாக, வைமார் நகரிலிருந்த பெருங்கவிஞர் கதேயின் கைக்குச் சென்றன. எண்பதைக் கடந்த அம்முதியவர் 1831-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவற்றை ஒரு வேளைக்குச் சில பக்கங்களாகவே பார்த்தாராம். மிகுதியாகப் பார்த்தால் கருத்துக்கள் செரியா என்று அஞ்சினார்! அவர் மெச்சியதோடு நில்லாது, இத்துணை இலேசான பொருளை விடுத்து, இன்னும் சற்றுத் தம்மை அடக்கி வரைவாராயின் அளவிறந்த சிறப்பெய்துவார் என்று குறையும் எடுத்துரைத்தார். கதேயின் பாராட்டே டோப்ஃபருக்குத் துணிவளித்தது. 'திருவாளர் ழாபோ' என்னும் கதையை 1833-இல் அச்சிட்டார். எனினும் 1835 வரை அதனை வெளியே விடவில்லை. அவருக்கும் ஒரு தூண் இருந்தது! பின்னர் 1837-இல் தம் நூலுக்குத் தாமே, பெயரிடாது, ஒரு மதிப்புரை எழுதினார். சொல்லில்லையேல் படம் தெளிவுறாது, படமில்லையேல் சொல் பொருள்படாது, இரண்டும் கூடியதே கதை என்பது அதன் சாரம்.

இதைப் படித்ததும் பணியாளரின் வினா நெஞ்சில் எழுந்தது. படம் உரைத்ததையே சொல்லும் உரைத்தால், அது கூறியது கூறல் அன்றோ? நன்னூலார் அதனைப் பத்துக் குற்றத்துள் ஒன்றாக வைத்தார். தேர்வுக்காக அதனை மனப்பாடம் செய்தவன், தூரிகையை எடுத்தவுடன் மறந்தேன்! ஆனந்த விகடனில் கோபுலு (1924–2015) ஒரு சொல்லுமின்றி வரைந்த நகைச்சுவைப் படங்களைக் கண்டு சிரித்திருந்தும், படத்துக்கும் வாயுண்டு என்பதை நான் உணர்ந்தேனில்லை.

பெட்டியைத் திறந்தேன். மூன்றாம் பகுதியை மீண்டும் வரைந்தேன். இடந்தேடியார் படியில் வழுக்கி நடைமேடையில் கிடக்கிறார், அவர் வாயில் மட்டும் ஒரு சொற்றொடர்: "அடுத்த வண்டியில் கட்டாயம் இடமிருக்கும்!" பணியாளர் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார், அன்று பலகையைத் துடைக்க மறந்தே போனார்.

மாணவ நண்பர்களே! பழிப்பவரும் புகழ்பவரும் நம்மை ஒரு கணம் நோக்கி அகல்கின்றனர். நின்று நோக்கி, இன்னது குறை என்று காட்டுபவரே நம் அதங்கோட்டாசான். அவர் அவையிலும் இருப்பார், துடைப்பத்துணியோடும் வருவார். அவரை அறிந்துகொள்ளத் தூணின் மறைவு உதவாது. நான்காம் பகுதியின் கீழ் என் பெயரை எழுதினேன்.