மிக்ஸி ஜெயித்த மேட்ச்

காலை நாலரை மணிக்குத் தூக்கம் வராமல் டி.வி.யைப் போடுகிறவர்களை நம்பித்தான் டெலிஷாப்பிங் பிழைக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

2012-ல் நான் அந்த ரகம். முந்தின வருஷம் லேசாக ஒரு ஸ்ட்ரோக். 'லேசாக' என்பது டாக்டர் உபயோகித்த வார்த்தை. அவருக்கென்ன, கை அவருடையதா? என் வலது கை பிழைத்துக்கொண்டது. ஆனால் சொன்ன பேச்சைக் கேட்காது. 'ப' போடு என்றால் 'ட' போடும். சட்டைப் பொத்தானுக்கு மனைவியைக் கூப்பிட வேண்டும்.

முப்பத்துமூன்று வருஷம் பாங்க்கில் உட்கார்ந்து ஊரார் கையெழுத்தையெல்லாம் சரிபார்த்தவன் நான். ரிடையரானவன் கணக்கிலிருந்து பணம் எடுக்கச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். 'கையெழுத்து ஒத்துப்போகவில்லை' என்று திரும்பி வந்துவிட்டது. கவுண்ட்டரில் இருந்த பெண் சங்கடத்தோடு சிரித்தாள். அவள் மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் திருப்பித்தான் இருப்பேன்.

அந்த மனநிலையில்தான் விளம்பரம் பார்த்தேன். ஒரு வடநாட்டு அம்மாள். உதடு இந்தியில் அசைகிறது, குரல் தமிழில் வருகிறது. கையில் வெள்ளையாக ஒரு குச்சி. அதை வீசினால் டி.வி.க்குள் ஒருவன் மட்டையை வீசுகிறான். டென்னிஸ், பவுலிங், பாக்ஸிங், மொத்தம் ஐம்பது விளையாட்டு. தொப்பை கரையும், தோள் வலி போகும், கை கால் இயங்கும். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாய்தான். இப்போதே போன் செய்தால் இடுப்பு பெல்ட் இலவசம்.

'கை கால் இயங்கும்' என்ற இடத்தில் நான் போனை எடுத்துவிட்டேன்.

பெட்டி வந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். பெட்டியிலேயே தெளிவாக இல்லை. டி.வி.யில் மாட்டி, குச்சியைப் பிடித்து, டென்னிஸைப் போட்டு, வலது கையை வீசினேன். வீசினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. கை உதறியது. அவ்வளவுதான். பந்து பறந்தது! எதிராளி திணறினான்! ஆறு - பூஜ்யம். திரையில் 'எக்ஸலண்ட்' என்று மின்னியது. முப்பத்துமூன்று வருஷ சர்வீஸில் ஒரு மேனேஜரும் என்னை எக்ஸலண்ட் என்றதில்லை.

மூன்று வாரம் நான்தான் உலக சாம்பியன். பம்பாயில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டு, "கை நார்மலாயிடுத்து" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். வாரம் மூன்று நாள் வந்து விரலைப் பிடித்து மடக்கி நீட்டிக்கொண்டிருந்த ஃபிஸியோதெரபிஸ்ட் பெண்ணிடம், "இனிமே வேண்டாம்மா, நானே வீட்டில விளையாடிச் சரி பண்ணிக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், குச்சியைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் பையை மாட்டிக்கொண்டு போனாள்.

அப்போதுதான் மாடி வீட்டுப் பையன் வந்தான். ஒன்பதாவது படிக்கிறான். வீடியோ கேம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். பக்கத்துத் தெரு பிரௌசிங் சென்டர்க்காரர் அவனுக்குத் தனி நாற்காலியே ஒதுக்கி வைத்திருந்தார். சரி, இந்த மாதிரிப் பையன் பார்த்தால் மெச்சுவான் என்று அவன் எதிரில் ஒரு செட் ஆடிக் காட்டினேன்.

பையன் சிரித்தான். மரியாதையான சிரிப்பு. அதுதான் எரிச்சல்.

"தாத்தா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? அது உங்க கையைப் பார்க்கவே இல்லை."

"பின்னே யார் ஜெயிச்சது?"

பதில் சொல்லாமல் சமையலறைக்குப் போனான். "பாட்டி, மிக்ஸியைக் கொஞ்சம் தரீங்களா?" சட்னிக்குத் தேங்காய் போட்டிருந்த ஜாரோடு மிக்ஸியை ஹாலுக்குத் தூக்கி வந்தான். மூடி மேல் குச்சியை டி.வி.யைப் பார்த்தாற்போல் வைத்து நாலு ரப்பர் பாண்டு போட்டான். டென்னிஸை ஆரம்பித்து, மிக்ஸியை ஓடவிட்டான்.

ஆறு - பூஜ்யம். எக்ஸலண்ட்!

நான் ஜெயிக்க எட்டு நிமிஷம் ஆகும். மிக்ஸிக்கு ஆறுதான் ஆயிற்று. சட்னியும் ரெடி.

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று ராத்திரி இருட்டில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. மூன்று வாரத்துக்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

இரண்டு நாள் அந்தப் பையனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே ஸ்க்ரூ டிரைவரோடு வந்தான். குச்சியைக் கழற்றினான். உள்ளே பெரிசாக ஒன்றுமில்லை. ஒரு மெல்லிய கம்பி, அதைச் சுற்றி ஒரு ஸ்பிரிங். குச்சி ஆடினால் ஸ்பிரிங் கம்பியில் படும், கரண்ட் பாயும், பட்டன் அமுக்கின கணக்கு. நீங்கள் கோடு போல வீசினாலும் சரி, நடுங்கினாலும் சரி, அதற்கு எல்லாம் ஒன்றுதான்.

"இது டூப்ளிகேட்டுடா. ஒரிஜினல் அப்படி இருக்காதே?" என்றேன், போன மானத்தில் கொஞ்சமாவது மிச்சம் பிடிக்கலாமென்று.

அதற்காகவே காத்திருந்த மாதிரி ஆரம்பித்தான் பாருங்கள். சரித்திர வாத்தியார் தோற்றார்.

1989-ல் அமெரிக்காவில் 'பவர் கிளவ்' என்று ஒரு கையுறை வந்ததாம். மேட்டல் கம்பெனி விற்றது. போட்டுக்கொண்டு கையை ஆட்டினால் நின்டெண்டோ விளையாட்டு நடக்கும். கையுறையிலிருந்து காதுக்குக் கேட்காத ஒலி கிளம்பும், டி.வி.யைச் சுற்றி மாட்டின மூன்று மைக்குகள் அதைக் கேட்டுக் கை எங்கே என்று கணக்குப் போடும். சினிமாவில்கூட வந்தது. ஆனால் அதற்கென்றே தனியாக வெளிவந்த விளையாட்டு இரண்டே இரண்டு. பாக்கிக்கெல்லாம் பழைய பட்டனே தேவலை என்று பையன்கள் கழற்றி வைத்துவிட்டார்கள்.

அப்புறம் 2006-ல் நின்டெண்டோவின் 'வீ'. என் குச்சிக்கு அதுதான் மூதாதை. இதில் நிஜமான முடுக்கமானி உண்டு. வேகம் எப்படி மாறுகிறது என்று அது அளக்கும். ஆனால் கை எந்த இடத்தில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஆகவே முழுக் கையையும் சுழற்றி வியர்க்க விறுவிறுக்க ஆடுகிறவனும், சோபாவில் சாய்ந்துகொண்டு மணிக்கட்டை மட்டும் சொடுக்குகிறவனும் அதற்குக் கிட்டத்தட்ட ஒன்றே.

"விளம்பரத்தில எல்லாரும் குதிப்பாங்க தாத்தா. வீட்டில ரெண்டாம் நாளே சோபாதான்."

டி.வி. மேல் வைக்க 'சென்ஸார் பார்' என்று ஒரு பட்டை கொடுத்தார்கள். பேர்தான் சென்ஸார். அது எதையும் உணராது. இரண்டு முனையிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். பார்க்கும் கண் குச்சியின் மூக்கில் இருக்கிறது. பட்டைக்குப் பதில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாலும் வேலை செய்யும். குத்துவிளக்கு வைத்தால் மங்களகரமாகவும் இருக்கும் என்று இது நான் சேர்த்தது.

விளம்பரத்தை நம்பி நிஜமாகவே வீசினவர்களும் உண்டு. மணிக்கட்டுக் கயிறு அறுந்து குச்சிகள் பறந்தன. அதே டிசம்பரில் நின்டெண்டோ 32 லட்சம் கயிறுகளை மாற்றிக் கொடுக்கவேண்டி வந்தது. 2009-ல் கை திரும்புவதையும் சரியாக அளக்கும் ஒரு துண்டைத் தனியாக விற்றார்கள். "அப்படின்னா முதல் மூணு வருஷம் என்னத்தை அளந்தாங்க?" என்றான் பையன். ஆடிட்டராகப் போகவேண்டியவன்!

சோனி விஷயம் இன்னும் வேடிக்கை. அதே 2006-ல் அவர்களும் அசைவை உணரும் கன்ட்ரோலர் கொண்டுவந்தார்கள். அதுவரை கையில் வந்துகொண்டிருந்த அதிர்வைக் காணோம். ஏனய்யா என்றால், அதிர்வு இருந்தால் அசைவை அளக்க முடியாது என்றார்கள். அந்த சமயத்தில் அவர்கள் மேல் அதிர்வு சம்பந்தமாக ஒரு பேடன்ட் வழக்கு இருந்தது. போட்டிக்காரரின் குச்சியோ அதிரவும் செய்தது, அளக்கவும் செய்தது. வழக்கு சமரசமாயிற்று, 2007-லேயே சோனியின் கன்ட்ரோலரிலும் இரண்டும் சேர்ந்து வந்துவிட்டன.

மைக்ரோசாஃப்ட்டின் 'கினெக்ட்'டில் குச்சியே கிடையாது. நீங்கள்தான் கன்ட்ரோலர் என்றார்கள். 2009-ல் அதை அறிவித்தபோது, திரையில் ஒரு சிறுவன் நம் முகத்தைப் பார்த்துப் பேசுவதாக ஒரு படம் காட்டினார்கள். மைலோ என்று பேர். அந்த விளையாட்டு கடைசிவரை கடைக்கே வரவில்லை. ஆனாலும் 2010 நவம்பரில் கினெக்ட் வந்தபோது 60 நாளில் 80 லட்சம் விற்று கின்னஸில் ஏறியது. இதில் எதிரில் ஆறடி இடம் காலியாக வேண்டும். எங்கள் ஹாலில் ஆறடி தள்ளி நின்றால் நான் பூஜை அறையில் இருப்பேன்.

நான் விடவில்லை. "ஏண்டா, 'வீ' பத்து கோடி விக்கப் போறதுன்னு நீயே சொல்றே. அத்தனை பேரும் முட்டாளா?"

பையன் யோசித்தான். இந்த இடத்தில்தான் எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

"இல்ல தாத்தா. பட்டன் தெரியாத பாட்டிகூட அதில பவுலிங் ஆடினாங்க. அது பெரிய விஷயம்தான். ஆனா நான் கட்டைவிரலை ஒரு நெல் அளவு நகர்த்தினா, கேம்ல ஒரு நெல் அளவு நகரணும். வாளால அடிச்சா திரையில வாள் நின்னுடுது, என் கை நிக்காம போய்ட்டே இருக்கு. அப்போ அது என் கை இல்லையே? நான் சந்தேகப்படறது கேம் பிடிக்காம இல்ல. என் கை எனக்குத் தெரியும், அதான்."

எனக்குச் சுருக்கென்றது. முப்பத்துமூன்று வருஷம் நான் பார்த்த உத்தியோகம் வேறென்ன? இது இவர் கைதானா என்று சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். என் சொந்தக் கை விஷயத்தில் மட்டும், ஒரு ஸ்பிரிங் 'எக்ஸலண்ட்' என்றதும் கையெழுத்தைப் பார்க்காமலே பாஸ் பண்ணிவிட்டேன்.

மறுநாள் ஃபிஸியோதெரபிஸ்ட் பெண்ணுக்குப் போன் செய்தேன். அவள் குத்திக் காட்டவில்லை. இந்த மாதிரி விளையாட்டுகளை ஆஸ்பத்திரிகளிலேயே பயிற்சிக்கு வைத்துக்கொள்கிறார்கள், நோயாளிக்கு அலுப்புத் தெரியாது என்றாள். "ஆனா ஸார், பக்கத்தில ஒருத்தர் நின்னு கையைப் பார்க்கணும். ஸ்கோரைப் பார்க்கக் கூடாது." அப்புறம் பரணில் பல்லாங்குழி இருக்கிறதா என்று கேட்டாள்.

இருந்தது. தினம் சாயந்திரம் மாடிப் பையனும் நானும். குழியிலிருந்து சோழியை இரண்டு விரலால் எடுத்து ஒவ்வொன்றாகப் போட வேண்டும். முதல் நாள் பாதி சோழி தரையில். பல்லாங்குழி யாரையும் எக்ஸலண்ட் என்பதில்லை. கீழே விழுந்தால் 'டக்' என்று சத்தம் வரும், அவ்வளவுதான். எத்தனை 'டக்' என்று பையன் ஒரு பழைய நோட்டில் எழுதி வைத்தான். முதல் நாள் 41. ஒரு மாதம் கழித்து 30. நடுவில் ஒரு நாள் 44. அன்று பலகையைத் தூக்கிப் போட்டேன். அவன் நிதானமாகப் பொறுக்கி எடுத்து, "44 எழுதிடறேன் தாத்தா" என்றான். எட்டு மாதத்தில் 6. அதற்குக் கீழே இன்றுவரை போகவில்லை.

பழைய கையெழுத்து திரும்பவில்லை. பாங்க்குக்குப் போய்ப் புதுக் கையெழுத்துக்கு மனுக் கொடுத்து, மூன்று தடவை ஒரே மாதிரி போட்டுக் காட்டினேன். அந்தப் பெண் பூதக்கண்ணாடி இல்லாமலே ஒப்புக்கொண்டாள்.

பையன் இப்போது பெங்களூரில் சாஃப்ட்வேர். தீபாவளிக்கு வந்தால் மீதிக் கதையைச் சொல்வான். 2013-ல் மைக்ரோசாஃப்ட் கினெக்ட்டைச் சேர்த்துத்தான் புதுப் பெட்டியை வாங்க முடியும் என்று 499 டாலர் வைத்தது. சோனி 399 வைத்தது. அடுத்த வருஷமே கினெக்ட் இல்லாத பெட்டியும் வந்தது. 2017-ல் கினெக்ட் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அவனே இப்போது கன்ட்ரோலரை லேசாகச் சாய்த்துத்தான் குறி பார்க்கிறானாம். "பெரிய நகர்த்தலுக்குக் கட்டைவிரல், கடைசி நூலிழைக்கு மணிக்கட்டு. முடிஞ்ச வேலையை மட்டும் கொடுத்தா ஒழுங்காச் செய்யுது தாத்தா." விளம்பரத்தில் இதைச் சொன்னால் யார் வாங்குவார்கள்?

அந்த வெள்ளைக் குச்சி இன்னும் வீட்டில் இருக்கிறது. சமையலறைச் சுவரில் பல்லி வந்தால் என் மனைவி அதை ஓங்குகிறாள். பல்லி ஓடுகிறது. ஐம்பத்தோராவது விளையாட்டு. இதில் மட்டும் அசைவு சரியாகப் பதிவாகிறது.

இடுப்பு பெல்ட் கடைசிவரை வரவேயில்லை.