ஓசி சர்வீஸ்!

"மூணு சர்வீஸ் ஃப்ரீ சார்!" என்று ஷோரூம் பையன் சொன்னபோது, காரையே சும்மா கொடுத்த மாதிரி புல்லரித்தது எனக்கு.

மூன்றாவது சர்வீஸில் கூப்பனை நீட்டினேன். பதிலுக்கு பில்லை நீட்டினார்கள். ஆயில், ஃபில்டர், நான் கேட்கவே கேட்காத ஏ.சி. க்ளீனிங், தலைக்கு மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி.!

"ஃப்ரீன்னீங்களே?"

"லேபர்தான் சார் ஃப்ரீ!"

க்ளீனிங்கை மட்டும் சண்டை போட்டு அடிக்க வைத்தேன். ஈ.எம்.ஐ. கட்டியே இளைத்தவன், வேறென்ன செய்ய?

அடுத்த மாதமே ஆல்டர்னேட்டர் மண்டையைப் போட்டது. சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினார்கள். மூன்று முத்திரையும் ஒழுங்காக இருக்கவே, வாரன்ட்டியில் பைசா வாங்காமல் மாற்றித் தந்தார்கள். அந்தக் கூப்பன் இலவசமல்ல, வாரன்ட்டிக்குக் கட்டும் சந்தா என்று அப்போதுதான் உறைத்தது.

கூப்பனைத் தவறவிடாதீர்கள், ஜாப் கார்டைப் படிக்காமல் கையெழுத்தும் போடாதீர்கள்.

வீட்டில்தான் இன்னும் கேட்கிறாள்: "ஃப்ரீ சர்வீஸுக்கு எவ்ளோங்க ஆச்சு?"