உறைக்கிணற்றின் அடிமணல்

சென்னைக்குத் தெற்கே, திருவான்மியூரில் தொடங்கிக் கோவளம் வரையில் கடலோரமாக நீண்டு கிடக்கும் நிலம் பெரும்பாலும் மணல். அந்த மணலுக்குள் மழைநீர் இறங்கித் தங்கியிருப்பதனால்தான், உப்புக்கடல் கூப்பிடு தூரத்தில் இரைந்துகொண்டிருந்தும், அங்கே வீடு கட்டிக்கொண்டவர்கள் அதிக ஆழம் போகாமலே நல்ல தண்ணீரைக் கண்டுவந்தார்கள். பாறையைப் பிளந்து கிணறு வெட்டுகிற கோயமுத்தூர்ச் சீமையாருக்குத் தண்ணீர் கிடைப்பதுதான் கஷ்டம். கடற்கரைக்காரருக்கோ தண்ணீர் சுலபம், கிணற்றைக் கிணறாக நிறுத்திவைப்பதுதான் பிரயாசை. தோண்டத் தோண்டச் சரிகிற மணலை உறை இறக்கித்தான் தடுக்க வேண்டும். 2014-15இல் தொடங்கிய கீழடி அகழாய்வில் வெளிப்பட்ட சுடுமண் உறைகளுக்கும், இன்று கோட்டிவாக்கத்துத் தெருவில் உருட்டிக்கொண்டு வருகிற சிமெண்டு உறைகளுக்கும் பொருளில் வித்தியாசம் உண்டே தவிர உபாயத்தில் இல்லை.

ஆனால் உறை பக்கங்களை மாத்திரமே காக்கும். அடி திறந்தே கிடக்கும். தண்ணீர் ஊறி வருகிற வழி அதுவே ஆகையால், மணல் ஏறி வருகிற வழியும் அதுவேயாகிறது.

கோட்டிவாக்கத்தில் ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர் ஒருவர் வீட்டுக் கிணற்றைத் தூர் எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதைப் பார்க்கும் ஆவலில் ஒரு சித்திரை மாதக் காலைப்பொழுதில் அங்கே போயிருந்தேன். கோடையின் உச்சத்தில் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போதுதான் இந்த வேலை தோதுப்படும். சில மாதங்களாகவே மோட்டார் இறைக்கும் தண்ணீரில் மணல் வந்து, மாடித் தொட்டியின் அடியில் படிந்து, குழாய்களின் வாஷர்களைத் தின்று, ஒரு முறை மோட்டாரின் இம்பெல்லரையே தேய்த்துவிட்டதாம். வீட்டுக்காரரின் தாயார் மாத்திரம் இதற்கெல்லாம் கலங்காமல், தம் குடிதண்ணீர்ப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்து வைத்திருந்தார். கலங்கிய நீரைத் தேற்றும் அந்த விதை கலித்தொகையிலேயே உவமையாக வருகிற அளவுக்குப் பழைமையானது. ஆயினும் அது தெளிவிப்பது நீரில் மிதந்து திரியும் நுண்ணிய களியைத்தான். தானாகவே அடியில் விழுந்துவிடுகிற மணலுக்கு அது தேவையும் இல்லை, அதனால் பயனும் இல்லை.

இந்த வித்தியாசத்தைத் தூர் எடுக்க வந்த மேஸ்திரி ஒரு கண்ணாடிப் பாட்டிலை வைத்துக்கொண்டு காட்டினார். குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் குலுக்கித் திண்ணையில் வைத்தார். அரை நிமிஷத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு அடியில் சேர்ந்து, மேலே நீர் பளிங்காயிற்று. "மணல் மட்டுந்தான் சார், களி இல்லை. களியா இருந்தா இந்நேரம் மோர் மாதிரி நிக்கும்" என்றார். துகளின் குறுக்களவு பாதியானால் அது நீரில் இறங்கும் வேகம் கால்பங்காகும் என்று கணக்குப் பண்ணிய ஸ்டோக்ஸின் விதியை அவர் படித்தவரல்லர். படித்திருந்தாலும் இதைவிடச் சுருக்கமாகப் பரீட்சித்திருக்க முடியாது.

அவருடன் வந்தவர்கள் அவர் மனைவியும், தம்பி மகனும், இன்னோர் இளைஞனும். தங்களுக்குள் தமிழும் தெலுங்கும் கலந்து பேசிக்கொண்டார்கள். மூன்று சவுக்குக் கழிகளைக் கட்டி நிறுத்திய முக்காலி, அதில் தொங்கும் கப்பி, கைத்தடிமன் வடம், டயர் ரப்பரில் தைத்த கூடை, கைப்பிடி குறுக்கிய மண்வெட்டி ஆகியவைதாம் ஆயுதங்கள். இறங்குவதற்கு முன்னால் வேப்பங்கொத்து ஒன்றைக் கயிற்றில் கட்டி, கிணற்றுக்குள் மேலும் கீழுமாக வெகுநேரம் அடித்துக் காற்றைக் கலக்கினார்கள். பிறகு ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வாளியில் வைத்து இறக்கினார்கள். அடிவரையில் சுடர் அணையவில்லை. பிராணவாயு குறைந்திருந்தால் சுடர் சொல்லிவிடும். இயந்திரப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு இருந்தால் சொல்லாது. பெட்ரோல் இஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி இறைக்கப் போய் மாண்டவர்கள் உண்டு. மேஸ்திரியோ எத்தனை சிறிய இஞ்சினாக இருந்தாலும் அதைக் கிணற்றடியில்கூட வைக்கவிடுவதில்லை.

இறங்கினவன் தம்பி மகன். முதலில் வந்த கூடைகளில் கருஞ்சேறு. அழுகின முட்டை நாற்றம். மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமானபோது, வடிகட்டும் தொட்டி ஒன்றும் வைக்காமல் மொட்டைமாடிக் குழாயை நேரே கிணற்றுக்குத் திருப்பிவிட்ட வீடுகளில் இதுவும் ஒன்று. இத்தனை வருஷத்து இலைச்சருகும் காரைப்பொடியும் அடியில் மக்கிக் கிடந்தன. அந்த நாற்றம் வந்தவுடன் பையனை மேலே ஏற்றி, மறுபடியும் கொத்தை அடித்து, சற்றுப் பொறுத்தே இறக்கினார் மேஸ்திரி. அந்த நாற்றத்தைத் தருகிற வாயு மிகுந்தால் முதலில் மூக்கைத்தான் மரத்துப்போகச் செய்யும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவன்தான் ஆபத்துக்கு உள்ளாகிறான்.

சேறு தீர்ந்த பிறகு வெளிவந்த மணல் சுத்தமாக, சர்க்கரைபோல் மினுங்கிக்கொண்டு, இடையிடையே நொறுங்கிய கிளிஞ்சலோடு இருந்தது. மேஸ்திரியின் மனைவி ஒவ்வொரு கூடையிலும் ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்துவிட்டே கொட்டினார். பருமணல் குறைந்து பொடி மணல் வரத் தொடங்கியதும், கிணற்றுக்குள் குனிந்து, "கால் நிக்குதாடா?" என்று கேட்டார். "நிக்கலை பெரிம்மா, கொதிக்குது" என்று பதில் வந்தது. கீழிருந்து ஏறும் ஊற்றின் வேகம் மணலின் எடையைத் தாங்கிக்கொள்ளும்போது, மணல் திடத்தன்மையை இழந்து நீர்போலாகிக் காலை உள்வாங்கும். அதைத்தான் கொதிப்பு என்கிறார்கள். மேஸ்திரி உடனே இறைப்பதை நிறுத்தச் சொல்லி, முழங்காலளவு தண்ணீரை ஊறவிட்டார். உள்ளே நிற்கிற நீரின் கனம் கீழிருந்து வரும் ஊற்றை அமர்த்திவிடுமாகையால் மணலும் அடங்கிவிட்டது. இந்த வீட்டில் மணல் ஏறினதற்குக் காரணமும் அப்போதுதான் விளங்கிற்று: புதிதாக மாட்டியிருந்த ஒரு குதிரைசக்தி மோட்டார், கிணறு ஊறுவதைக் காட்டிலும் விரைவாக இறைத்து, தினந்தோறும் அடிமணலைக் கொதிக்கவிட்டிருக்கிறது.

வீட்டுக்காரருக்கு இதில் திருப்தியில்லை. "இன்னும் இரண்டு உறை ஆழம் போனால் தண்ணீர் கூடுமே, மேஸ்திரி?" என்றார்.

"வேணாம் சார். கடைசி உறை விளிம்பு கால்ல தட்டுது. அதுக்குக் கீழ கை வெச்சா உறை எறங்கும், இணைப்பு விட்டுப்போகும், அப்புறம் பக்கத்தாலயும் மணல் வரும். உங்க காம்பவுண்டுச் சுவரு அஞ்சடியிலதானே நிக்குது?"

எடுக்க எடுக்க வருகிற மணல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அது சுவருக்கும் அஸ்திவாரத்துக்கும் அடியிலிருந்து வருகிறது. ஆகவே இந்தத் தொழிலில் தோண்டத் தெரிந்தவனைவிட நிறுத்தத் தெரிந்தவனே சாமர்த்தியசாலி என்பது என் அபிப்பிராயம். கூலி வழக்கமோ இதற்கு நேர்விரோதமாக இருக்கிறது. கூடைக்கு இத்தனை என்று பேசுகிறவனுக்கு நிறுத்துவதால் நஷ்டம். ஓயாமல் மணல் வருகிற கிணறுதான் அவனுக்கு லாபம். இந்த மேஸ்திரி அப்படிப் பேசுவதில்லை. கிணற்றைப் பார்த்து, மொத்தமாக ஒரு தொகை சொல்லிவிடுகிறார்.

பிற்பகலில் கல் இறக்கினார்கள். மணலின்மேல் முதலில் பொடி ஜல்லி, அதன்மேல் முக்கால் அங்குல ஜல்லி, எல்லாவற்றுக்கும் மேலே கைக்கடங்காத கூழாங்கற்கள் என்று, கீழே சிறிதும் மேலே பெரிதுமாக மூன்று வரிசை. வரிசையை மாற்றிப் போட்டால் பெரிய கற்களின் இடுக்கு வழியாக மணல் ஏறிவிடும். ஜல்லியைக் கொட்டாமல் கூடையோடு இறக்கி, பையன் கையால் பரப்பினான். ஃபுட்வால்வைக் கல்லுக்குமேல் மூன்றடி உயரத்தில் கட்டினான்.

அரைநாளுக்குச் சற்றுக் கூடுதலான வேலைக்கு முழுத்தொகையா என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார். தாயார் உள்ளேயிருந்து, "கொடுத்துடுடா, சுவர் விழுந்தா யார் கட்டறது?" என்றார். மேஸ்திரி பணத்தை எண்ணி மனைவியிடம் கொடுத்துவிட்டு, பழைய அரைக் குதிரைசக்தி மோட்டார் இருந்தால் அதையே மாட்டும்படியும், எதுவானாலும் ஒரே மூச்சில் கால்மணி நேரத்துக்குமேல் ஓட்டாதிருக்கும்படியும் சொன்னார். முதல் நாலு நாள் தண்ணீர் கலங்கித்தான் வரும், அதற்காக யாரையும் கூப்பிட்டுக் கல்லைக் கிளறவேண்டாம் என்பதை மாத்திரம் இரண்டு தரம் சொன்னார்.