நிற்கத் தெரிந்த வண்டி

பழைய மோட்டார் வண்டி ஒன்றை வைத்திருப்பவனுக்கு யோசனை சொல்வதற்கு ஊரில் ஆட்பஞ்சம் இருப்பதில்லை. கலியாண வயதில் பெண்ணை வைத்திருக்கும் தகப்பனுக்குக்கூட இத்தனை பேர் வழி சொல்லமாட்டார்கள். "எஞ்சினை மாற்று" என்பார் ஒருவர். "அகலமான சக்கரம் போடு" என்பார் இன்னொருவர். "பேசாமல் விற்றுத் தொலை" என்பார் மூன்றாமவர். எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு, இறுதியில் நமக்குத் தோன்றியதைச் செய்து, அதன் பலனை நாமே அநுபவிக்கிறோம். அப்படி நான் அநுபவித்த பலன் ஒன்றை வாசக அன்பர்களுக்குச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். மலைநாட்டில் வண்டி ஓட்டுபவர் எவருக்கேனும் அது பயன்பட்டால் மகிழ்வேன்.

எங்கள் வண்டி 1958ஆம் ஆண்டின் 'மொரிஸ் மைனர் 1000'. அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்து, 1948இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த குடும்பத்தைச் சேர்ந்தது. பிரித்தானியக் கார்களுள் முதன்முதலாகப் பத்து இலட்சம் என்ற தொகையை எட்டியது இந்த மைனரே. எங்களுடையதன் எஞ்சின் 948 கன சென்ரிமீற்றர். வலிமை 37 குதிரைச் சக்தி. அதுவும் கடல்மட்டத்துக் கணக்கு. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், அந்தக் குதிரைகளிலும் சில பின்தங்கிவிடுகின்றன.

இந்த வண்டி எங்கள் வீட்டுக்கு வந்த கதை சிறியது. 1975ஆம் ஆண்டு பெருந்தோட்டக் கம்பனிகள் அரசுடைமையானபோது, தாயகம் திரும்பிய துரை ஒருவர் தம் காரை விற்க முன்வந்தார். தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்த என் தந்தையார், அம்மாவின் நகைகளை அடகு வைத்து அதை வாங்கினார். என் பாட்டனாரோ, அதே கார் வரும் ஓசை கேட்டதும் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வழியோரமாய் ஒதுங்கி நின்றவர். அவரை முன் ஆசனத்தில் அமர்த்தி அட்டன் கடைவீதி வரை அழைத்துப் போனாராம் அப்பா. பாட்டனார் வழி முழுதும் வாய் திறக்கவில்லை. இறங்கும்போது மாத்திரம் கதவைப் பார்த்துச் சாத்தினாராம். ஆகவே, "விற்றுத் தொலை" என்ற யோசனை எங்கள் வீட்டில் ஒருநாளும் எடுபட்டதில்லை.

ஆனால், நினைவுச் சின்னமாகத் திரையிட்டு மூடிவைக்கவும் எங்களுக்கு வசதியில்லை. அட்டனிலிருந்து கொட்டகலை வழியாகத் தலவாக்கலைக்கு நான் தினமும் ஆசிரியத் தொழிலுக்குப் போய்வருவது அதில்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025இல்தான். அந்த இடைக்காலத்தில் பழைய வண்டிகளின் விலையே எட்டாத உயரத்துக்குப் போயிற்று. இருப்பதை ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. தினமும் ஓட வேண்டுமானால், அறுபது ஆண்டுகளுக்கு முந்திய சில உறுப்புகளை மாற்றியே தீர வேண்டும். எதை மாற்றுவது, எதை விடுவது என்பதே கேள்வி.

முதலாவதாக நான் மாற்றியது தவறான உறுப்பு. 2022ஆம் ஆண்டின் பெற்றோல் பஞ்சத்தை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு லீற்றர் 470 ரூபாவாயிற்று. கியூஆர் அட்டை முறை தொடங்கியபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான். அந்நாளில் ஒரு நண்பர், "பின் அச்சின் பல்சக்கர விகிதத்தை மாற்றினால் பெற்றோல் மிச்சமாகும்" என்றார். எங்கள் வண்டியின் விகிதம் 4.55. அதாவது, சக்கரம் ஒருமுறை சுற்ற, எஞ்சினிலிருந்து வரும் தண்டு நான்கரை முறைக்குச் சற்று மேலாகச் சுற்ற வேண்டும். இன்னொரு காரிலிருந்து கழற்றிய 3.9 விகித அச்சுப்பெட்டி ஒன்று கொழும்பில் கிடைத்தது. அதைப் போட்டதும் அதே வேகத்துக்கு எஞ்சின் ஏழில் ஒரு பங்கு குறைவாகச் சுழன்றது. சமதரையில் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடிற்று. ஏற்றத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கியது. அதைப் பொருட்படுத்தாமல், பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நான் பூரித்துப்போனேன்.

அடுத்த ஆண்டு என் மகளை ஒரு நேர்முகப் பரீட்சைக்காகக் கொழும்புக்கு அழைத்துப் போனேன். அட்டனைத் தாண்டிக் கினிகத்தேனைக்கு அப்பால் கித்துல்கலையை நோக்கி இறங்கும் வீதியை அறிந்தவர்களுக்கு அதன் வளைவுகளை வருணிக்கத் தேவையில்லை. வழக்கம்போல் மூன்றாவது கியரில் இறங்கினேன். ஆனால் வண்டி வழக்கம்போல் அடங்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதிக்க வேண்டியிருந்தது. சற்று நேரத்தில் எரிந்த வாடை ஒன்று மூக்கில் ஏறிற்று. அடுத்த வளைவில் மிதித்தேன். பஞ்சு மெத்தையை மிதித்தாற்போல் மிதி அடித்தட்டைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை.

எதிரே ஒரு பேருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. எப்படியோ இரண்டாவது கியருக்கு இறக்கி, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, இடச் சக்கரங்களை வீதியோரக் கானுக்குள் இறக்கி, மண்திட்டில் உரசி நிறுத்தினேன். மகள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவள் மடியிலிருந்த சான்றிதழ்க் கோவையை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்திருந்தாள். அரைமணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தபோது, ஒன்றுமறியாததுபோல் பிரேக் நன்றாக வேலை செய்தது! அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அவ்வாண்டு சனவரி 20ஆம் திகதிதான் நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில் பேருந்து ஒன்று மோதி ஏழு பேர் மாண்டிருந்தனர். அந்தச் செய்தியைப் படித்து வருந்தியவன், அதிலிருந்து எதையும் கற்கவில்லை என்பதை அன்று உணர்ந்தேன்.

அட்டனில் எங்கள் வண்டியை நெடுங்காலமாகக் கவனித்துவரும் முதிய மெக்கானிக் ஒருவர் உண்டு. நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் என்னைத் திட்டவில்லை.

"சேர், சமதரையில இருக்கிறவன் ஓடுறதப் பாப்பான். நம்ம ரோட்டுல நிக்கிறதத்தான் மொதல்ல பாக்கணும்" என்றார்.

"பிரேக் நல்லாத்தானே அண்ணே இருந்துச்சு?" என்றேன்.

"பிரேக்குக்குப் பாதி வேலைய எஞ்சின் செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நீங்கதான் அதக் கழட்டி வச்சிட்டீங்க."

அவர் சொன்னதன் பொருளை வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாணவர்களும் இதைப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடும் சாமான்களோடும் வண்டியின் எடை ஏறத்தாழ 1,000 கிலோ. அட்டனிலிருந்து கித்துல்கலைக்கு இறங்கும்போது 1,000 மீற்றருக்கு மேல் கீழிறங்குகிறோம். அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி முழுதும் வெப்பமானால், சுமார் 30 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அத்தனை சூட்டையும் நான்கு சிறிய பிரேக் உருளைகளின் தலையில் கட்டினால் அவை என்ன செய்யும்? கியர் தாழ்ந்திருந்தால் வேகமாய்ச் சுழலும் எஞ்சின் அதில் பெரும் பங்கைத் தாங்கிக்கொள்ளும். நானோ அந்த உதவியைக் குறைத்துவிட்டேன். போதாததற்கு, பிரேக் எண்ணெயைப் பல ஆண்டுகளாக மாற்றவுமில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை தாழும். கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். ஆவியை அழுத்தினால் அது சுருங்குமேயன்றிச் சக்கரத்தைப் பிடிக்காது. ஆறினால் மீண்டும் எண்ணெயாகிவிடும். பிரேக் "ஒன்றுமறியாததுபோல்" நடித்ததன் மர்மம் இதுதான்.

முதல் வேலையாகப் பழைய 4.55 அச்சுப்பெட்டி தன் இடத்துக்குத் திரும்பிற்று. அடுத்தது பிரேக். எங்கள் வண்டியின் முன் உருளைகள் 7 அங்குலம். 1962இல் வந்த 1098 எஞ்சின் மைனருக்கு 8 அங்குல உருளைகள் பொருத்தப்பட்டன. அவற்றைப் பழைய மைனருக்கும் பூட்டலாம். இன்னொரு வழி, வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் தட்டுப் பிரேக். சூட்டை விரைவில் ஆற்றிக்கொள்வதில் தட்டுப் பிரேக்கே மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் விலை என் கையிருப்பை விழுங்கிவிடும். தேய்ந்தால் மீண்டும் கடல் கடந்து வர வேண்டும். மூன்றாவது வழியாகச் சிலர் சொன்ன 'சேர்வோ' மிதியை இலகுவாக்குமேயன்றிச் சூட்டைக் குறைக்காது. ஆகவே 8 அங்குல உருளைகளையே தேர்ந்தேன். மிஞ்சிய பணத்தில் துருப்பிடித்த இரும்புக் குழாய்களையும் மாற்றினேன். இந்த வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய்ச் சுற்று ஒன்றே. ஓரிடத்தில் குழாய் வெடித்தால் நான்கும் போயின. கம்பியால் இயங்கும் கைப்பிரேக் ஒன்றே துணை. ஆகவே அந்தக் கம்பியும் புதிதாயிற்று.

மூன்றாவது, வெளிச்சம். நுவரெலியாப் பக்கத்து மூடுபனியில் மாலை ஐந்து மணிக்கே விளக்கைப் போட நேரும். மழையில், இரண்டாவது கியரில் ஊர்ந்து ஏறும்போது பழைய டைனமோவினால் விளக்குக்கும் கண்ணாடி துடைப்பானுக்கும் ஒருங்கே மின்சாரம் தர முடியாது. மெதுவாய்ச் சுழலும்போதும் போதிய மின்சாரம் தரும் ஓல்டர்னேற்றரைப் பொருத்தினோம். பழைய மைனரில் பற்றறியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். அதை எதிர்முனைக்கு மாற்றாமல் பொருத்தினால் புதிய உறுப்பு நொடியில் கருகிவிடும். கதவுத் தூணிலிருந்து வெளியே நீளும் செம்மஞ்சள் சமிக்ஞைக் கைகளைப் பின்னால் வருபவர்கள் கவனிப்பதில்லை. ஆகவே மின்னும் விளக்குகளையும் சேர்த்தோம். கைகளைக் கழற்ற மகள் சம்மதிக்கவில்லை. இப்போது இரண்டும் வேலை செய்கின்றன.

மறுத்த உறுப்புகளும் உண்டு. இரட்டைக் காபுரேற்றர் வேண்டாம் என்றேன். இருக்கும் ஒன்றின் கலவையை மலைக் காற்றுக்கு ஏற்பச் சற்றே மெலிதாக்கியதில் புகையும் குறைந்தது, பெற்றோலும் மிஞ்சிற்று. மின்னணுப் பற்றவைப்பை ஏற்றுக்கொண்டேன். ஆனால் கழற்றிய பழைய தொடுமுனைகள் எப்போதும் வண்டியில் இருக்கும். டெவன் நீர்வீழ்ச்சிக்கு எதிரே மழையில் நின்றுபோனால், திருப்புளி ஒன்றைக் கொண்டு பழையதைப் பூட்டி வீடு திரும்பலாம். எந்தப் புதிய உறுப்பையும் இப்போது நான் மூன்று கேள்விகள் கேட்கிறேன்: வண்டி நிற்கவும், வழியைக் காணவும், பிறர் கண்ணில் படவும் உதவுமா? பழுதானால் எங்கள் ஊர்க் கராஜில் திருத்த முடியுமா? வேண்டாமென்றால் பழையதைத் திரும்பப் பூட்டலாமா? மூன்றுக்கும் "ஆம்" என்றால்தான் பணப்பையைத் திறப்பேன்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னே பார்க்க வேண்டியது, அடித்தகடு. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். துரு தின்ற தகட்டில் ஆசனப் பட்டியைப் பூட்டினால் அது யாரையும் காப்பாற்றாது. பலமான இரும்புத் துண்டை ஒட்டிய பிறகே பூட்டினோம். ரயர் வாங்கும்போது பூவை மட்டும் பார்க்கக் கூடாது. பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். செலவே இல்லாத காரியம் ஒன்றும் உண்டு: முன் சக்கரத்தைத் தாங்கும் திருகுமூட்டுகளுக்குத் தவறாமல் கிறீஸ் இடுவது. அதை மறந்தால் ஒருநாள் மூட்டுக் கழன்று சக்கரம் மடிந்துவிடும்.

சாமான்களில் பெரும்பகுதி கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கிடைத்தது. இலங்கையர் மைனரை வெறுமனே ஓட்டுபவர்கள் அல்லர். 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள மொரிஸ் மைனர் நிலையத்துக்கென இந்நாட்டுத் தொழிலாளர்கள் தகடுகளும் உறுப்புகளும் செய்து அனுப்பியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் பிறந்த வண்டிக்கு இலங்கைக் கைகள் உயிர் கொடுத்தன என்பதை அறிந்தபோது, பாட்டனாரிடம் சொல்ல முடியவில்லையே என்று நினைத்தேன்.

சென்ற மாதம் அதே வீதியில் மறுபடியும் இறங்கினோம். இம்முறை ஓட்டியவள் மகள். இறக்கம் தொடங்குமுன்பே இரண்டாவது கியருக்கு மாற்றினாள். பின்னால் வந்தவர்கள் ஒலியெழுப்பினர். அவள் ஒதுங்கி வழிவிட்டாளேயன்றி வேகத்தைக் கூட்டவில்லை. கித்துல்கலையில் வண்டியை நிறுத்தி இறங்கியவள், குனிந்து முன் சக்கரத்தின் அருகே உள்ளங்கையை நீட்டிப் பார்த்தாள். என் தந்தையார் ஒவ்வோர் இறக்கத்தின் முடிவிலும் அப்படித்தான் செய்வார். அவரை அவள் கண்டதில்லை. நான் செய்வதைப் பார்த்துக் கற்றிருக்க வேண்டும்.

"வெதுவெதுப்புத்தான் அப்பா" என்றாள்.

தேநீர்க் கடைக்குப் போகுமுன், கதவைப் பார்த்துச் சாத்தினாள்.