உம்மாவின் இரண்டு கேள்விகள்

எங்கள் வீட்டு மடிக்கணினி நானா உயர்தரம் படித்த காலத்தில் வாங்கியது. நானா கட்டாருக்கு வேலைக்குப் போன பிறகு அது எனக்கும் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் பொதுவாகிவிட்டது. எனக்குப் பாடசாலை வேலைகள், வாப்பாவுக்குப் பள்ளிவாசல் நிர்வாகக் கடிதங்கள், உம்மாவுக்கு வெள்ளிக்கிழமை இரவில் நானாவின் முகம்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிவடைந்தது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி தேவை. எங்கள் பழைய கணினியில் அது இல்லை. உம்மாவும் நானும் அதை ஒரு கடைக்குக் கொண்டு போனோம். புதிய கணினியின் விலையைக் கேட்டதும் உம்மா என் முகத்தைப் பார்த்தார். கடைக்காரத் தம்பி வேறு வழி சொன்னார். "ரெண்டாயிரம் தாங்க ராத்தா, எப்படியாவது பதினொன்றைப் போட்டுத் தாறேன்."

உம்மா கேட்டார்: "அந்தக் காசு அதைச் செய்தவங்களுக்குப் போகுமா தம்பி?"

அவர் சிரித்தார். உம்மா கணினியைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பிறருடைய ஹக்கில் கை வைத்து, அதே திரையில் குர்ஆன் ஓதக் கேட்பது எப்படி என்பதுதான் வழி நெடுக அவருடைய பேச்சு.

அன்றிரவு நானா தொலைபேசியில், "லினக்ஸ் போட்டுப் பார் தங்கச்சி" என்றார். தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் 'திறந்த மூல மென்பொருள்' என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். பரீட்சையில் எழுதிய அந்தச் சொல் வீட்டுக்குள் வரும் என்று நினைத்ததில்லை.

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், எல்லோரும் சுதந்திரமாகப் பயன்படுத்தக்கூடிய ஒரு பணிசெயல் முறைமையை உருவாக்கப் போவதாக அறிவித்தார். குனு என்பது அதன் பெயர். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை எழுதினார். இரண்டும் சேர்ந்துதான் இன்று நாம் சுருக்கமாக லினக்ஸ் என்று சொல்வது. விரும்பியபடி பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று படித்துப் பார்க்கலாம், பிறருக்குப் பிரதி கொடுக்கலாம், திருத்தி வெளியிடலாம் என்பவை இதன் நான்கு சுதந்திரங்கள். ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். தமிழில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

இரவு நேர டேட்டாவில் தரவிறக்கி, பென் டிரைவில் ஏற்றி, லினக்ஸை நிறுவினேன். நான்கு ஜிபி நினைவகம் கொண்ட கணினி முன்னரைவிட வேகமாக எழுந்து நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் வாப்பா தன் கடிதங்களைத் திறந்தார். தமிழ் ஒன்றுமில்லை, எல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துகள். வாப்பா எழுதுவது பாமினி எழுத்துருவில். அது ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களைப் போர்த்திய எழுத்துரு. போர்வை இல்லாத கணினியில் உள்ளே இருப்பதுதான் தெரியும். யுனிகோடில் அப்படியல்ல, தமிழ் எழுத்துகளுக்கென்றே தனியான குறியீடுகள் உண்டு. எழுத்துருவைத் தேடி நிறுவியதும் கடிதங்கள் திரும்பி வந்தன. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் வாப்பாவின் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அதைவிட மோசம். நானாவின் முகம் வந்தது, குரல் வரவில்லை. உம்மா திரையருகே காதை வைத்துப் பார்த்தார். நான் எதையெதையோ அழுத்தினேன். நானாவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. உம்மா ஏசவில்லை. "பரவாயில்ல மகள், முகத்தைப் பார்த்தேன்தானே" என்றுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்கு சுதந்திரங்களையும் உம்மாவின் முன் வைத்தாலும், மகனின் குரல் கேட்காத கணினி அவருக்கு எதற்கு?

இரவு பதினொரு மணிக்குத்தான் காரணம் தெரிந்தது. ஒலி, கணினியின் ஒலிபெருக்கிக்குப் போகாமல், இணைக்கப்படாத தொலைக்காட்சிக்கான வழியில் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு தெரிவை மாற்ற வேண்டியிருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மணி நேரம் எடுத்தது.

விண்டோஸ் இலகு என்று எல்லோரும் சொல்வது பொய்யல்ல. கணினி கடையிலிருந்து வரும்போதே அது உள்ளே இருக்கிறது. அந்தச் சிரமத்தை யாரோ சம்பளத்துக்கு முன்கூட்டியே பட்டுவிட்டார்கள். காசு கொடுத்து முறையாக வாங்குபவர் அதற்கு உரித்துடையவர்தான். எங்களிடம் அந்தக் காசு இல்லை. அதனால் உம்மாவுக்காக அந்தச் சிரமத்தை நான் பட வேண்டும், அவ்வளவுதான். திரையின் நடுவில் பெரிய படமொன்றை வைத்து 'மகனோடு பேச' என்று பெயரிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை உம்மா தானே அதை அழுத்தினார். ஸலாம் சொல்லும் நானாவின் குரல் சமையலறை வரை கேட்டது.

பேசி முடித்ததும் உம்மா இரண்டாவது கேள்வியைக் கேட்டார்: "இதைச் செய்தவங்களுக்கு நாங்க என்ன கொடுக்கணும்?"

காசு கேட்கவில்லை என்றேன். "சும்மாவா தாறாங்க?" என்று வியந்தார். 2004 சுனாமிக்குப் பின்னர் நமது நாட்டுக் கணினி வல்லுநர்கள், காணாமற்போனோரைத் தேடவும் நிவாரணத்தை ஒழுங்குபடுத்தவும் 'சஹானா' என்ற திறந்த மூல மென்பொருளை எழுதியதையும், பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் அது பயன்பட்டதையும் சொன்னேன். உம்மா சுனாமியைக் கண்டவர். சிறிது நேரம் பேசாமலிருந்து, "பிறகும் நன்மை வந்துகொண்டே இருக்கிற வேலை" என்றார்.

எங்கள் கணினியின் மொழியைத் தமிழுக்கு மாற்றியிருக்கிறேன். பட்டியல்களில் சில சொற்கள் தமிழிலும் சில இன்னும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. உம்மா ஆங்கிலச் சொற்களுக்கு வரும்போது என்னைக் கூப்பிடுகிறார். அந்தச் சொற்களைத் தமிழாக்க வேண்டியவர்கள் சம்பளம் பெறும் ஊழியர்கள் அல்லர், நம்மைப் போன்ற தொண்டர்கள்தாம். உம்மாவின் இரண்டாவது கேள்விக்கு அதுதான் பதில் என்று நினைக்கிறேன். பரீட்சை முடிந்ததும் தொடங்குவதாக உம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். உம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதை நினைவூட்டுகிறார்.