சூப்பர்மேனும் என் அப்பாவும்



கோடை விடுமுறைக்குப் பேரன் வந்திருக்கிறான். ஆறாம் வகுப்பு முடித்திருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை, "தாத்தா, நீங்க சின்ன வயசுல பாத்த படம் ஏதாவது போடுங்க" என்றான். 1978-ல் வந்த 'சூப்பர்மேன்' படத்தைப் போட்டேன். நான் அதை முதலில் பார்த்தது மதுரையில் ஆசிரியர் பயிற்சி படித்தபோது. நான்கு நண்பர்கள் சேர்ந்து, தரை டிக்கெட். ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. ஆனால் மனிதன் பறக்கிறான், அது புரிந்தது. அது போதுமாக இருந்தது.

இந்தத் தடவை கீழே எழுத்து ஓடியது. முழுப் படமும் இப்போதுதான் புரிந்தது என்று சொல்ல வேண்டும். வாத்தியார் புத்தி, மதிப்பெண் போடாமல் விடுமா?

முதலில் நிறைகளைச் சொல்கிறேன். நாயகன் கிறிஸ்டோபர் ரீவ் அன்று யாருக்கும் தெரியாத புதுமுகம். டைட்டிலில் மார்லன் பிராண்டோ, ஜீன் ஹாக்மேன் பெயர்களுக்குப் பிறகுதான் அவர் பெயர் வருகிறது. ஆனால் படமே அவர்தான். ஒரு காட்சியில், லோயிஸ் உள்ளே போன நேரம் பார்த்து, கிளார்க்காக நிற்பவர் கண்ணாடியைக் கழற்றுகிறார். கூன் நிமிர்கிறது, தோள் விரிகிறது, குரல் மாறுகிறது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைக்கிறார். மனசு வராமல் மறுபடி கண்ணாடி போட்டுக் குறுகிப் போகிறார். உடம்பு ஒன்று, ஆள் இரண்டு. எந்தத் தந்திரமும் இல்லாத நடிப்பு. கணினி வரைகலை வராத காலத்தில், கம்பியும் திரைக்குப் பின்னணிப் படமும் வைத்தே பறக்க வைத்தார்கள். அதற்குச் சிறப்பு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. ஜான் வில்லியம்ஸ் இசையைக் கேட்டால் இன்றும் எனக்கு முதுகு நிமிர்கிறது.

குறைகளும் உண்டு. சூப்பர்மேன் உடை போட்டு வர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பேரன் நடுவில் இரண்டு முறை தண்ணீர் குடிக்கப் போனான். வில்லன் லெக்ஸ் லூதர், கலிபோர்னியாவின் மேற்குக் கரையைக் கடலுக்குள் தள்ளி, தான் வாங்கிப் போட்ட பாலைவன நிலத்தைக் கடற்கரை மனையாக்கப் பார்க்கிறான். இவ்வளவு பெரிய பாவத்தைச் செய்பவனுக்கு, கூடவே ஒரு கோமாளிக் கையாள். பயமே வரவில்லை.

பெரிய குறை முடிவில் இருக்கிறது. இரண்டு ஏவுகணைகள் பாய்கின்றன. வில்லனுடன் இருக்கும் பெண், தன் அம்மா இருக்கும் ஊருக்குப் போகும் ஏவுகணையை முதலில் தடுக்கச் சொல்லி வாக்கு வாங்கிக்கொண்டு சூப்பர்மேனை விடுவிக்கிறாள். அவன் வாக்கைக் காப்பாற்றுகிறான். அதற்குள் மற்றது வெடித்து, நிலம் பிளந்து, லோயிஸின் கார் மண்ணில் புதைந்து அவள் இறந்துவிடுகிறாள். உடனே அவன் பூமியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து அதைப் பின்னோக்கிச் சுழல வைக்கிறான். காலம் திரும்புகிறது, அவள் பிழைக்கிறாள். இந்த உத்தியை முதலில் இரண்டாம் பாகத்தின் முடிவுக்குத்தான் வைத்திருந்தார்களாம். முன்னால் இழுத்துப் போட்டுவிட்டார்கள்.

பூமி உருண்டையை வைத்து இரவு பகல் பாடம் நடத்தியவன் நான். உருண்டையைத் திருப்பிச் சுற்றினால் சூரியன் மேற்கில் உதிக்கும், நேற்று வராது. ஆனால் பேரன் அறிவியல் கேட்கவில்லை. "அப்போ அவங்க அப்பாவுக்கு ஏன் தாத்தா இப்படிப் பண்ணல?" என்றான்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. படத்தின் முற்பகுதியில், வளர்த்த அப்பா மகனோடு வீட்டுப் பக்கம் விளையாட்டாக ஓடும்போது, நின்று இடது கையைப் பிடித்துக்கொள்கிறார். அப்படியே விழுகிறார். அடக்கத்தன்று மகன், இத்தனை சக்தி இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று அம்மாவிடம் சொல்கிறான். மதுரையில் பார்த்தபோது அந்த வரி எனக்குப் புரியவே இல்லை. இப்போது எழுத்தில் படித்ததும் கண் மங்கிவிட்டது.

1991-ல் ஒரு காலை. அப்பா திண்ணையில் உட்கார்ந்து, "என்னடா, இடது தோள்பட்டையெல்லாம் இழுக்குது" என்றார். நெற்றியில் வேர்வை. அன்று பள்ளிக்கு அதிகாரி வருகை. எல்லாம் தயாராக இருக்கும் என்று தலைமை ஆசிரியரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். "தைலம் தேச்சுக்குங்கப்பா, சாயங்காலம் வந்து டாக்டர்கிட்ட போவோம்" என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தேன். அன்று நான்காம் வகுப்பில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கலாம். வகுத்தல் கணக்கு கரும்பலகையில் பாதியில் நிற்க, ஒருவர் வாசலில் வந்து நின்றார். நான் சாக்பீஸைக் கையில் பிடித்தபடியே கிளம்பினேன். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அந்தக் காலையை எத்தனை தடவை திருப்பிச் சுற்றிப் பார்த்திருப்பேன்! அதனால் லோயிஸைத் திரும்பக் கொண்டுவந்தவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முடிந்திருந்தால் நானும் செய்திருப்பேன். ஆனாலும் படமாகப் பார்த்தால் அது பிழைதான். அடக்கத்தன்று அந்தப் பையன் கற்ற பாடத்தைக் கடைசிப் பத்து நிமிடம் அழித்துவிடுகிறது. அப்பாவின் சாவுக்கே அப்புறம் அர்த்தம் இல்லாமல் போகிறது.

ரீவ் 1995-ல் குதிரையிலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே, தண்டுவடக் காயம் பட்டவர்களுக்காகக் கடைசிவரை உழைத்தார். 2004-ல் காலமானார். காலத்தைத் திருப்ப முடியாத ஒருவர் மிச்சக் காலத்தை வைத்து என்ன செய்யலாம் என்பதைப் படத்தைவிட அவர் வாழ்க்கைதான் எனக்குச் சொல்கிறது.

பேரனிடம், "அப்போ அவனுக்கு அப்படிப் பண்ண முடியும்னு தெரிஞ்சிருக்காதுடா" என்றேன். "உங்களுக்கு அப்படி ஏதாவது ஆயிருக்கா தாத்தா?" என்று கேட்டான். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, என் இடது தோளைத் தொட்டு, "வலிக்குதா?" என்றான்.

பிள்ளைகளே, படத்துக்கு நூற்றுக்கு எழுபது மதிப்பெண். அதைவிட முக்கியமாக ஒன்று. வீட்டில் பெரியவர்கள் நெஞ்சு அழுத்துகிறது, இடது கை இழுக்கிறது, வேர்க்கிறது என்றால் தைலத்தைத் தேடாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். எந்த வேலையும் காத்திருக்கும். அதிகாரி அன்றைக்கு வரவே இல்லை.